தொலைநோக்கியின் நெற்றியில் ஒரு பொட்டு

இன்றைக்கும் சந்தன வாசனை வந்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். கோயிலில் நின்றாலும் சரி, கல்யாண மண்டப வாசலில் நின்றாலும் சரி, பல்லைக் கடித்துக்கொள்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள். என்னவென்று சொல்வது? ஒரு மனிதர் நல்ல நாளில் நல்ல மனசோடு வைத்த ஒரு பொட்டுக்காக நான் இன்னும் கொதிக்கிறேன் என்றால் சிரிப்பார்கள். அதனால் எழுதுகிறேன். எழுதினால் குறையும் என்கிறார்கள். பார்க்கலாம்.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். ராயப்பேட்டையில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவள் நான். பாஸ்போர்ட் போட்டோ, பள்ளிக்கூட அடையாள அட்டை, இறந்துபோனவர்களின் படத்தைப் பெரிதாக்கித் தருவது. என் வேலையில் முக்கால்வாசி பின்னணியை எடுப்பதுதான். கல்யாண குரூப் போட்டோவிலிருந்து ஒருவரை மட்டும் தனியாகப் பிரித்து, அவர் தோளில் கிடக்கும் யாரோ ஒருவரின் கையை அழித்து, பின்னால் நீலம் ஊற்றிக் கொடுப்பேன். யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. மவுஸைப் பிடித்து நகர்த்தி நகர்த்தி நானே கற்றுக்கொண்டது.

இந்த வேலையில் எனக்குப் பிடித்தது வருகிறவர்களின் பேச்சு. ஒரு அம்மாள் சொன்னார்: "மூஞ்சி எப்படி இருந்தாலும் பரவால்லம்மா, பின்னாடி வெள்ளையா இருக்கட்டும். விசா ஆபீஸ்காரன் அதைத்தான் பாக்குறான்." இன்னொருவர், மாமனார் படத்தைக் கொண்டுவந்தவர், "உசுரோட இருந்தப்ப அவரைத் தனியா ஒரு நிமிசம் பாக்க முடியல, எப்பவும் சுத்தி நாலு பேரு. இப்பவாவது தனியா எடுத்துக் குடு" என்றார். இப்படி யார் எது சொன்னாலும் எனக்கு மறக்காது. கணக்கு மறந்துபோகும், பேச்சு நிற்கும்.

எல்லோரும் மாமி என்று கூப்பிடுகிற ஒருவரும் ஒரு பாஸ்போர்ட் போட்டோவுக்குத்தான் வந்தார். மயிலாப்பூரில் ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பில் தனியாக இருப்பவர். பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் முகத்தைச் சுற்றியிருந்த சுவரை நான் அழிப்பதைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஏண்டிம்மா, நான் எடுக்கற படத்துலயும் பின்னாடி ஒரே அழுக்கா இருக்கு. அதையும் இப்படி எடுத்துத் தருவியா?"

"யாரு படம் மாமி?"

"சூரியனோடது."

கடையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மாமி கைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்து மேசைமேல் வைத்தார். அவ்வளவுதான், நான் மாட்டிக்கொண்டேன்.

மாமி ஓய்வு பெற்றபோது கூட வேலை பார்த்தவர்களெல்லாம் காசிக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். மாமி ஒரு தொலைநோக்கி வாங்கினார். முன்பக்கம் வடிகட்டிக் கண்ணாடி ஒன்று மாட்டியிருக்கும். உலோகம் பூசிய கண்ணாடி. வெயிலில் மிகமிகக் கொஞ்சத்தை மட்டும் உள்ளே விடும். அது இல்லாமல் சூரியனைப் பார்த்தால் கண் போய்விடும். பின்பக்கம் கேமரா. காலையில் மொட்டைமாடியில் வைத்து எடுப்பார். "மத்தவாளுக்கு மாடின்னா வத்தல் காயப்போட. எனக்கு நான் காய" என்பார்.

முதல் தடவை அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. சூரியன் என்றால் தகதகவென்று இருக்கும் என்றல்லவா நினைப்போம்? கேமராவிலிருந்து அப்படியே வருகிற கச்சாப் படத்தில் அது வேகாத ஊத்தப்பம் மாதிரி சாம்பல் நிறத்தில் கிடக்கும். ஆடும். தண்ணீர் நிறைந்த குண்டானுக்கு அடியில் கிடக்கிற கரண்டியைப் பார்க்கிற மாதிரி, காற்று ஆட ஆட அதுவும் நெளியும். அதனால் ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கில் எடுத்து, நெளியாத படங்களாகப் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும்.

அடுக்கினாலும் அழுக்கு போகாது. கேமராவுக்கென்று ஒரு அழுக்கு உண்டு. மூடியைப் போட்டு இருட்டில் எடுத்தாலும் பொரிப்பொரியாகத் தெரியும். அந்த இருட்டுப் படத்தைக் கழித்துவிட வேண்டும். தொலைநோக்கியின் குழாய்க்குள் தூசியும் நிழலும் உண்டு. அதற்கு மாமி, துவைத்துத் துவைத்து மெலிந்துபோன ஒரு வேட்டித் துண்டைக் குழாயின் வாயில் கட்டி வெயிலில் எடுப்பார். சூரியன் தெரியாது, வெறும் வெளிச்சம் மட்டும் தெரியும். அந்த வெளிச்சத்தில் எங்கெங்கே குறை இருக்கிறதோ அது குழாயின் குறை. அதைக் கணக்கில் எடுத்துச் சரிசெய்ய வேண்டும். மிச்சம் இருப்பது வானத்தின் வெளிச்சம். ஈரமும் புகையும் கலந்த சென்னை வானம் சூரியனைச் சுற்றி ஒரு மங்கலைப் பூசிவிடும். அதுவும் போன பிறகு வருவதுதான் சூரியன். நடுவில் பளிச்சென்றும் ஓரத்தில் கொஞ்சம் மங்கியும், அங்கங்கே கரும்புள்ளிகளோடும்.

பாஸ்போர்ட் போட்டோவில் நான் செய்வது வெட்டுவது. இதில் வெட்டக்கூடாது. இருக்கிறது எது, வந்து ஒட்டிக்கொண்டது எது என்று பார்த்து, ஒட்டியதை மட்டும் உரிக்க வேண்டும். இந்த வித்தியாசம் புரியவே எனக்கு ஒரு மழைக்காலம் ஆயிற்று. இங்கிலீஷ் வீடியோக்களைச் சத்தத்தை மூடிவிட்டு, அவர்கள் கை போகிற இடத்தை மட்டும் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். அவர் கேட்டார்: "இன்னாமே, ஊர்ல கீற அழுக்கு பத்தாதுன்னு சூரியன்ல அழுக்கு எடுக்கறியா?"

மாமிக்கு ஒரே ஒரு ஆசை. சூரியனின் இடது ஓரத்தில் ஒரு புள்ளிக் கூட்டம் எட்டிப் பார்க்கிறதென்றால், சூரியன் சுற்றச் சுற்ற அது நகர்ந்து வந்து, வலது ஓரத்தில் மறைய இரண்டு வாரம்போல ஆகும். ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும், ஒரு நாள் விடாமல், அதே மாடியிலிருந்து எடுத்து, வரிசையாகச் சுவரில் மாட்ட வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். எடுத்துப் பார்த்தால் தெரியும். பாதி வழியில் மேகம் வரும். மாமிக்குக் காய்ச்சல் வரும். கரண்ட் போகும். ஒரு தடவை கூட்டமே நடுவழியில் கரைந்துபோயிற்று. "என்னைப் பாத்ததும் பயந்துண்டு ஓடிடுத்து" என்று மாமி சிரித்தார்.

அந்த வருடம் சிரிக்க முடியாமல் போயிற்று. கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். பழையது, குழாய் ஒழுகுகிறது, பில்டரிடம் கொடுத்தால் புதிதாகக் கட்டித் தருவார் என்று முடிவாகிவிட்டது. பொங்கலுக்குள் எல்லோரும் காலி செய்ய வேண்டும். மாமி மகளோடு பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் போகிறார். பதினாலாவது மாடி, வடக்குப் பார்த்த பால்கனி, மொட்டைமாடிக்கு யாரையும் விடமாட்டார்கள். வடக்குப் பார்த்த பால்கனியில் எந்தச் சூரியன் வரும்? இந்த மாடியில் இதுதான் கடைசி. நவம்பர் வந்தால் வானம் மூடிக்கொள்ளும். அதற்கு முன்னால் ஒரு கூட்டம் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

வந்தது. நவராத்திரி ஆரம்பித்த சமயம், இடது ஓரத்தில், நீளமாக, குஞ்சும் குளுவானுமாக ஒரு பெரிய கூட்டம். மாமி போன் செய்து "வந்துடுத்துடி" என்றார். மறுநாளிலிருந்து கடை திறப்பதற்கு முன்னால் நான் மயிலாப்பூர் போய்விடுவேன். மாமிக்குக் கை நடுங்கும், ஃபோகஸ் வைக்க ஆள் வேண்டும். ராத்திரி இடி மழை பெய்யும், காலையில் கழுவிவிட்ட மாதிரி வானம் கிடக்கும். அப்படி ஒரு அதிர்ஷ்டம். கூட்டம் நடுவைத் தாண்டி முக்கால் வழி வந்துவிட்டது. மாமி வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை, சொன்னால் கண் பட்டுவிடுமென்று பயம்.

அப்போதுதான் ஆயுத பூஜை வந்தது.

தொலைநோக்கியைத் தினமும் மாடிக்கும் கீழுக்கும் தூக்க முடியாதென்று மொட்டைமாடியில் மோட்டார் அறைக்குள்ளேயே வைத்திருந்தோம். அந்த அறையின் சாவி குடியிருப்புச் சங்கத்துச் செயலாளரிடம். தி. நகரில் பாத்திரக் கடை வைத்திருப்பவர், திருநெல்வேலிப் பக்கம். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. பில்டரைக் கொண்டுவந்ததும் அவர்தான், வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியதும் அவர்தான்.

பூஜைக்கு மறுநாள் காலை நான் போய் மடிக்கணினியைத் திறந்தேன். அதன் மேல்மூடியில் மாமி வைத்த பொட்டு இருந்தது. முக்காலியின் காலிலும் ஒன்று. அது பரவாயில்லை. திரையில் சூரியன் வந்தபோதுதான் எனக்குப் பகீரென்றது. பால் காய்ச்சிய பாத்திரத்தைக் கழுவாமல் தண்ணீர் பிடித்த மாதிரி, படம் முழுக்க ஒரு வெளுப்பு. சூரியனுக்கு வெளியே கருப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் சாம்பல். சின்னப் புள்ளிகள் காணவே காணோம்.

மேகமோ என்று நிமிர்ந்து பார்த்தேன். நீலம். கேமராவைக் கழற்றி மாட்டினேன். அப்படியே இருந்தது. கடைசியில் குழாயின் முன்பக்கம் போய்க் குனிந்தேன். சந்தன வாசனை.

வடிகட்டிக் கண்ணாடியின் நட்டநடுவில் மஞ்சளாக ஒரு தீற்றல், ஓரத்தில் குங்குமச் சிவப்பு. அதற்குமேல் கோடு கோடாக யாரோ துடைத்த தடம். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் ஊசி குத்தினாற்போலச் சில இடங்களில் பூச்சு போய், வெயில் பொட்டுப் பொட்டாக உள்ளே வந்தது.

"மாமி, நீங்க தொட்டீங்களா இத்த?"

"நான் எதுக்குடி கண்ணாடியத் தொடப்போறேன்?" அவர் கிட்டே வந்து பார்த்தார். பார்த்துவிட்டு மோட்டார் அறைச் சுவரில் சாய்ந்து நின்றார்.

அந்த நேரத்துக்கு மோட்டார் போட அண்ணாச்சி மேலே வந்தார். நெற்றி நிறைய திருநீறு, தோளில் துண்டு. அந்தத் துண்டின் ஒரு ஓரம் மஞ்சளாக இருந்ததை நான் பார்த்துவிட்டேன்.

"அண்ணாச்சி, இதுக்கு யாரு பொட்டு வெச்சது?"

"நாந்தாம்மா." முகமெல்லாம் சந்தோஷம். "மோட்டாருக்கு வெச்சேன், லிப்டுக்கு வெச்சேன். இது மட்டும் மூலையில மூளியா நிக்குது. மாமி பொழுதன்னைக்கும் கட்டிக்கிட்டு அழுத சாமான். விட்டுட்டுப் போக மனசு கேக்கல."

"மூடி போட்டிருந்துச்சே."

"மூடியக் கழத்திட்டுத்தான் வெச்சேன். மூடிக்கா பூசை? நெத்தியிலல்லா வெக்கணும்."

"இது நெத்தி இல்ல அண்ணாச்சி. கண்ணு."

அவர் ஒரு நிமிடம் குழாயைப் பார்த்தார். மேலும் கீழுமாகப் பார்த்தார். நெற்றி வேறு எங்கே இருக்கும் என்று தேடுகிற மாதிரி இருந்தது.

"அப்புறம் தொடச்சீங்களா?"

"சந்தனம் கொஞ்சம் தண்ணியாப் போச்சு, வடிஞ்சிது. நல்ல நாளும் அதுவுமா அழுக்கா நிக்கப்படாதுன்னு நல்லா அழுத்தித் தொடச்சேன்."

நல்லா அழுத்தி. அந்த இரண்டு சொல்லை நான் இன்னும் விடவில்லை. அன்றைக்கு மாடியில் நான் பேசியதையெல்லாம் எழுத முடியாது. எனக்குத் தெரிந்த ராயப்பேட்டைத் தமிழ் முழுவதும் வெளியே வந்தது. உம் மோட்டாருக்குள்ள நான் கோலமாவு கொட்டினா சும்மா இருப்பியா என்று கேட்டேன். வயசில் பெரியவரை ஒருமையில் பேசிவிட்டேன். அவருக்கு அது புரியவே இல்லை. "சாமி கும்பிட்டது ஒரு குத்தமாம்மா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கெடுக்க நினைத்துக் கெடுத்திருந்தால் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். இந்த மனிதர் தன் மோட்டாருக்குச் செய்த மரியாதையை மாமியின் சூரியனுக்கும் செய்திருக்கிறார். அவரோடு எந்தக் கட்சியில் நின்று சண்டை போடுவது?

மாமி என் கையைப் பிடித்தார். "விட்டுடுடி. வேணும்னேவா பண்ணினார்?"

அதுதான் எனக்குக் கோபத்தை இன்னும் ஏற்றியது. "உங்களுக்கு ஏன் மாமி கோவமே வரல? இத்தினி வருசம் காத்துக்கினு இருந்தீங்களே."

"கோவப்பட்டுண்டு நின்னா இன்னிக்குப் படம் போயிடும். வெயில் ஏறறது பார். முதல்ல எடு."

எடுத்தேன். வேறு கண்ணாடி வெளியூரிலிருந்து வர வேண்டும், அதற்குள் கூட்டம் ஓரம் தாண்டிவிடும். இன்னும் தேய்த்தால் மிச்சப் பூச்சும் போய்விடும் என்பதால் தீற்றலைத் தொடாமல் விட்டோம். ஊசி ஓட்டைகளை மட்டும் கடையிலிருந்து கொண்டுவந்த கறுப்பு மார்க்கரால் அடைத்தேன். அன்றிலிருந்து அந்தக் குழாயில் யாரும் கண் வைக்கக்கூடாது, கேமரா மட்டும்தான் என்று மாமியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். கறுப்புப் புள்ளி வைத்த கண்ணாடியைப் பார்த்து மாமி, "இப்போதான் திருஷ்டிப் பொட்டும் ஆச்சு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விஷயம் அதோடு நின்றிருந்தால் என் கோபமும் ஒரு வாரத்தில் ஆறியிருக்கும். அண்ணாச்சிக்கு உள்ளூர உறுத்தியிருக்கிறது போலிருக்கிறது. மாமியிடம் அந்த மங்கல் படத்தைப் போனில் வாங்கிக்கொண்டு போனார். சாயங்காலம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. ஏதோ ஒரு ஆப்பில் போட்டுச் சுத்தம் செய்த சூரியன். ஆரஞ்சு வண்ணம், கண்ணைப் பறிக்கிற பளபளப்பு. கீழே அண்ணாச்சி: "மாமி படம் சரியாயிட்டு. கவலை வேண்டாம்." அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பு, கைதட்டல், சூப்பர் மாமி.

நான் பெரிதாக்கிப் பார்த்தேன். கூட்டத்தின் வாலில் இருந்த குட்டிப் புள்ளிகளைக் காணோம். அழுக்கு என்று நினைத்து ஆப் அதை மெழுகிவிட்டது. எதிர்ப்பக்கத்தில், ஒன்றுமே இல்லாத இடத்தில், அழகாக ஒரு புள்ளியை அதுவாக வைத்திருந்தது. வட்டமாக, மை வைத்த மாதிரி. சூரியனில் இல்லாத புள்ளி. அதைப் பார்த்து முப்பது வீட்டுக்காரர்கள் கைதட்டுகிறார்கள், கீழே மாமியின் பேர்.

மறுநாள் காலை குடியிருப்பு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கும்போது பில்டரின் ஃப்ளெக்ஸ் கண்ணில் பட்டது. தினமும் பார்ப்பதுதான். அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன். புதிதாக வரப்போகிற கட்டடம் புல்தரையில் தனியாக நிற்கிறது. சுற்றிலும் பச்சை. பக்கத்து வீடு இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் இல்லை. இஸ்திரி வண்டி இல்லை, எதிர்ச் சந்தில் வரிசையாக நிற்கும் பைக்குகள் இல்லை, காம்பவுண்டைத் தாண்டித் தொங்கும் முருங்கைமரம் இல்லை. என்னைப் போல ஒருத்திதான் எங்கேயோ உட்கார்ந்து மயிலாப்பூரையே பின்னணி என்று எடுத்துப் போட்டிருக்கிறாள். வேண்டாத இடத்தில் நாலு தென்னைமரம் வேறு.

"இன்னாமே, ஃப்ளெக்ஸ முறைச்சிக்கினு நிக்கற?" என்றார் வீட்டுக்காரர். "நீ முறைச்சா அது கீய வுழுந்துடுமா?"

"விழணும்" என்றேன்.

அன்றைக்குக் கடையில் போட்டோவுக்கு வந்தவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தேன். நடுநடுவே அந்த மங்கல் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வேட்டித் துண்டு வைத்து எடுப்பது இதற்கு உதவாது. சந்தனம் வெளிச்சத்தைக் குறைக்கவில்லை, சிதறடிக்கிறது. இல்லாத வெளிச்சத்தைக் கொண்டுவந்து மேலே போடுகிறது. அப்படியானால் எவ்வளவு போட்டிருக்கிறது என்று எங்கே பார்ப்பது? சூரியனுக்கு வெளியே. அங்கே கருப்பாக இருக்க வேண்டும். கருப்பாக இல்லாமல் எவ்வளவு சாம்பலோ அவ்வளவும் அண்ணாச்சி போட்டது. வட்டத்தைச் சுற்றிலும் ஓரத்திலிருந்து வெளியே போகப் போக அது எப்படிக் குறைகிறது, எந்தப் பக்கம் அதிகம் என்று பார்த்து, அதே சரிவு உள்ளே எப்படி ஏறும் என்று ஒரு வெறும் மங்கல் படத்தைத் தனியாகச் செய்ய வேண்டும். சந்தனம் தொடாத முந்தின நாட்களின் படங்களைப் பக்கத்தில் வைத்து, சூரியனின் மற்ற இடமெல்லாம் அதே வெளிச்சத்துக்கு வருகிறதா என்று ஒத்துப் பார்க்க வேண்டும். பிறகு கழிக்க வேண்டும்.

கழித்துப் பார்த்தால் ஒரு தடவை ஓரம் பிய்ந்துபோகும். இன்னொரு தடவை நடுவில் பள்ளம் விழும். கொஞ்சம் அதிகமாகக் கழித்தால் சூரியனையே சுரண்டிவிடும். மூன்று நாள் சாப்பாட்டு நேரமெல்லாம் அதிலேயே போயிற்று. கடைசியில் அந்தக் குட்டிப் புள்ளிகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. முந்தின நாள் எங்கே இருந்தனவோ அங்கிருந்து ஒரு நாள் நடை தள்ளி. எதிர்ப்பக்கத்தில் ஆப் வைத்த புள்ளி இருந்த இடம் வெறுமையாக, சுத்தமாக இருந்தது.

ஆனால் அதை மாமியிடம் கொடுக்க எனக்கு மனசில்லை. இதையும் சொல்ல வேண்டும்.

"மாமி, பூஜைக்குப் பின்னாடி எடுத்ததெல்லாம் அப்படியே மங்கலா மாட்டலாம். வரிசையில நல்ல படமா வந்து, திடீர்னு அழுக்காவட்டும். வந்து பாக்கறவங்க ஏன்னு கேக்கட்டும். கேட்டா நான் சொல்றேன், யாரு பண்ணாங்கன்னு."

மாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குக் கோபம் வந்தால் அப்படித்தான். அந்த ஒரு தடவைதான் பார்த்தேன், அதுவும் என்மேல்.

"அவர் பண்ணினதைக் காட்டறதுக்கு என் சூரியனை அழுக்கா நிறுத்துவியா? நான் அண்ணாச்சியையா படம் எடுத்தேன்?"

மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "மேல இருக்கறதை எடு. உள்ள இருக்கறதைத் தொடாதே. நீதானே சொல்லுவே."

நான் சொன்னதுதான். என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கடைசிக் காலை. கூட்டம் வலது ஓரத்தில், ஒரு மயிரிழை போல மெலிந்து, விழப்போகிற நிலையில் இருக்க வேண்டும். மறுநாள் இருக்காது. வானத்தில் கிழக்கே கருமேகம் ஏறுகிறது, நடுவில் கொஞ்சம் கிழிசல். நாங்கள் குழாயைத் திருப்பி வைத்தால், திரையில் சூரியன் குதிக்கிறது. காற்றில்லை, கட்டடமே அதிர்கிறது. எட்டிப் பார்த்தேன். கீழே, கார் நிறுத்துகிற இடத்தில், பில்டரின் ஆட்கள் மண் பரிசோதனைக்குக் குழாய் இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். இரும்புக் குண்டு தூக்கித் தூக்கி விழுகிறது. விழும்போதெல்லாம் மாமியின் சூரியன் துள்ளுகிறது.

நான்கு மாடி இறங்கி ஓடினேன். அண்ணாச்சி அங்கேதான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லுங்க அண்ணாச்சி."

"மழை வருதும்மா. அதுக்குள்ள முடிக்கணும்னு நிக்காங்க. நான் சொன்னா கேப்பாங்களா?"

"உங்க மோட்டார் ரூம்ல கீற குழாய்க்குப் பொட்டு வெக்க யாரக் கேட்டீங்க? அப்ப யாரும் சொல்லாமலேதானே செஞ்சீங்க? இப்ப நான் சொல்றேன். செய்ங்க."

அவர் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். எனக்கும் அந்த ஆட்களுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். கயிறு பிடித்துக்கொண்டிருந்த ஆள்தான் என்னைப் பார்த்தார்.

"இன்னாக்கா, மேல யாருக்காச்சும் உடம்பு சரியில்லயா?"

"இல்லப்பா. மேல சூரியன் ஆடுது."

அவர் ஒரு கணம் யோசித்தார். குண்டைக் கீழே இறக்கினார். "டேய், வாங்கடா, டீ குட்சிட்டு வரலாம். அக்கா சூரியன் நிக்கட்டும்."

அந்த டீ முடிவதற்குள் கிழிசல் வந்தது. மாமியின் கை என் தோளில் இருந்தது. திரையில் சூரியனின் வலது ஓரத்தில், மங்கலுக்குள், ஒரு கீறல். அவ்வளவுதான் கூட்டம். எடுத்துக்கொண்டே இருந்தேன். கிழிசல் மூடிற்று. தூறல் விழுந்தது. வேட்டித் துண்டால் குழாயைப் போர்த்திவிட்டு மாமி மோட்டார் அறைப் படியில் உட்கார்ந்தார். "ஆச்சுடி" என்றார்.

எல்லாப் படத்தையும் ஒரே நீள வரிசையாக அச்சடித்துக் கொடுத்தேன். பூஜைக்குப் பின்னால் எடுத்தவை எவை என்று சொல்லாவிட்டால் கண்டுபிடிக்க முடியாது. எனக்குத் தெரியும். ஓரத்தில் ஒரு நூல் அளவு மங்கல் மிச்சமிருக்கிறது, அதற்குமேல் எடுத்தால் பொய்யாகிவிடும் என்று விட்டது. மாமியின் புது வீட்டில், வடக்குப் பார்த்த அந்த பால்கனிக் கதவுக்கு எதிர்ச் சுவரில் அது மாட்டியிருக்கிறது.

வீடு காலி செய்கிற நாளில் அண்ணாச்சி மாமியிடம் வந்தார். "நம்ம மாடியில எடுத்த படம் ஒண்ணு எனக்கும் குடுங்க மாமி. கடையில மாட்டணும். பேர் சொல்லும்லா." மாமி என்னைக் காட்டி, "அவகிட்ட வாங்கிக்கோங்கோ" என்றார்.

நான் கொடுத்தேன். நல்ல தாளில், பெரிதாக, கண்ணாடிச் சட்டம் போட்டு. பூஜைக்கு மறுநாள் படத்திலிருந்து நான் பிரித்தெடுத்த அந்த மங்கல். நடுவில் கொஞ்சம் வெளுப்பு, வெளியே போகப் போகச் சாம்பல். வேறு எதுவும் அதில் கிடையாது.

"என்னம்மா இது, சூரியனையே காணோம்?"

"சூரியன் மாமிகிட்ட போயிடுச்சு அண்ணாச்சி. இது உங்களுது. அன்னிக்கு நீங்க மேல வெச்சது மொத்தமும் இதுலதான் கீது. ஒண்ணு விடாம எடுத்துட்டேன்."

குத்திவிட்டேன் என்று நினைத்தேன். இனி அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு உறுத்த வேண்டும் என்றுதான் அவ்வளவு நல்ல சட்டமாகப் போட்டேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

போன மாதம் ஒரு குக்கர் மூடிக்கு ரப்பர் வளையம் வாங்க தி. நகர் போயிருந்தேன். அவர் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். கல்லாவுக்கு மேலே சாமி படங்களின் வரிசையில், பிள்ளையாருக்குப் பக்கத்தில், என் மங்கல் மாட்டியிருந்தது. மல்லிகைச் சரம் போட்டிருந்தார்கள். கண்ணாடியின் நட்டநடுவில், நெற்றி என்று அவருக்குத் தோன்றிய இடத்தில், சந்தனமும் குங்குமமும்.

"வாம்மா, உள்ள வா, மோர் குடிச்சிட்டுப் போ" என்று கூப்பிட்டார்.

நான் போகவில்லை. வளையத்தை வேறு கடையில் வாங்கினேன்.